ஒரே நாளில் குரோம்வெல்: கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு வேன் சுற்றுலா

கேம்பிரிட்ஜில் காலையில் ஏற்றிக்கொண்டு, ஹண்டிங்டன், செயின்ட் ஐவ்ஸ், ஈலி என்று மூன்று ஊர்களைக் காட்டிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலா இது. விஷயம் ஒரே ஒரு ஆள்: ஆலிவர் குரோம்வெல். 1649-இல் அரசர் முதலாம் சார்லஸின் மரண உத்தரவில் மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டவர். அதற்குப் பிறகு அரசரில்லாத இங்கிலாந்தைக் கிட்டத்தட்ட அரசரைப் போலவே ஆண்டவர். நடத்துவது ஒரு சின்ன நிறுவனம். குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. எட்டுப் பேர் உட்காரும் வேன், வழிகாட்டிதான் ஓட்டுநரும். ஆளுக்கு 75 பவுன். மதியச் சாப்பாடு, ஈலியில் குரோம்வெல் வீட்டுக்கு நுழைவுச்சீட்டு, பேராலயத்துக்கு நுழைவுச்சீட்டு எல்லாம் நம் செலவு. இதைப் பதிவு செய்யும்போதே பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம்.

போனது நானும் கணவரும் மகளும், நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அத்தையும். மகளுக்குப் பள்ளியில், அரசருக்கும் பார்லிமென்டுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போர் பாடம் நடக்கிறது. அத்தைக்கு ஈலி பேராலயத்தைப் பார்க்க வேண்டும். நான் நர்ஸ், எனக்கு ஒரு மருந்துப் பெட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது. கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும், அது மட்டும் நடக்கவில்லை.

போர்க்களமும் பீரங்கியும் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். மார்ஸ்டன் மூர் வடக்கே யார்க் பக்கம், நேஸ்பி நார்த்தாம்ப்டன்ஷயரில். இந்தச் சுற்றுலா அந்த இரண்டு போர்க்களத்தையும் தொடாது. இதில் வருவது பெரும்பாலும் அந்த ஆளின் முதல் 40 வருடம்: கடன், வயிற்றுவலி, ஊர்ச்சண்டை, குழந்தைகள், மாமா விட்டுப்போன சொத்து. என்னைக் கேட்டால் அதுதான் இதன் சிறப்பே. ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஒரு எம்.பி. நாட்டையே கையில் எடுத்த கதையில், பாடப்புத்தகம் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதி இது.

ஹண்டிங்டனில் பிறந்த வீடு இல்லை. 1599 ஏப்ரல் 25-இல் அவர் பிறந்த இடத்தில் பிற்காலத்தில் கட்டிய ஒரு வீடு நிற்கிறது, அதில் முதியோர் பராமரிப்பு இல்லம் நடக்கிறது. வேனை மெதுவாக்கிக் காட்டிவிட்டுப் போனார் வழிகாட்டி. உள்ளே இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாமல் போனது எனக்குப் பிடித்தது.

அருங்காட்சியகம் இருப்பது அவர் படித்த பள்ளிக் கட்டடத்தில். அதற்கும் முன்னால் அது செயின்ட் ஜான் பெயரில் ஏழைகளையும் நோயாளிகளையும் வைத்துப் பார்த்த இடம். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸும் பின்னாளில் இதே பள்ளியில்தான் படித்தார். 1962-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்ளே போனால் ஒரே அறைதான். ஆனால் அந்த ஒரு அறைக்குள் நாங்கள் முக்கால் மணி நேரம் இருந்தோம், இன்னும் அரை மணி இருந்திருக்கலாம். அனுமதி இலவசம், உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது தொப்பி. அகல விளிம்பு வைத்த கறுப்புத் தொப்பி, வயசாகித் தளர்ந்து போயிருக்கிறது. 1653 ஏப்ரல் 20-இல் பார்லிமென்டைக் கலைத்த அன்று அவர் தலையில் இருந்தது இதுதான் என்பார்கள். இங்கே வழிகாட்டி நன்றாகச் சோபித்தார். அன்று குரோம்வெல் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பிறகு எழுந்து, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, இந்த அவை செய்த நல்லதையெல்லாம் சொல்லியிருக்கிறார். அப்புறம் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு மேலும் கீழும் நடந்தபடி ஒவ்வொருவரையும் திட்ட ஆரம்பித்திருக்கிறார். கடைசியில் துப்பாக்கி வீரர்களை உள்ளே கூப்பிட்டார், அவை காலியானது. பார்லிமென்ட் உரிமைக்காக அரசரோடு போர் செய்த ஆள், அதே பார்லிமென்டை வீரர்களை வைத்து வெளியே அனுப்புகிறார். தொப்பியைக் கழற்றுவதையும் மாட்டுவதையும் வழிகாட்டி தன் பேஸ்பால் தொப்பியை வைத்து நடித்துக் காட்டினார். மகள் அன்று கைப்பேசியைக் கீழே வைத்த முதல் தருணம் அது.

நான் பார்க்க வந்த மருந்துப் பெட்டியும் இங்கேதான், ஜெர்மனியில் செய்தது. சின்னச் சின்ன இழுப்பறைகளும் புட்டிகளும் அழகாக அடுக்கியிருக்கின்றன. எங்கள் வார்டில் மருந்து வண்டியை அடுக்குபவர்கள் வந்து ஒருமுறை பார்க்க வேண்டும். இதன் முன்னால் நின்றபோது, குரோம்வெல்லுக்கு என்ன நோய் இருந்தது என்று நானே வழிகாட்டியிடம் கேட்டேன், அதற்கு அவர் தந்த பதில் எனக்கு அந்த 75 பவுனில் பாதியை ஈடுகட்டிவிட்டது.

1628-இல் குரோம்வெல் முதல்முறையாக ஹண்டிங்டன் எம்.பி. ஆகி லண்டன் போகிறார். அந்த வருடமே தியடோர் தெ மேயெர்ன் என்ற மருத்துவரைப் பார்க்கிறார். அரச குடும்பத்துக்கே வைத்தியம் பார்த்தவர் அவர். மேயெர்ன் தன் குறிப்பேட்டில் லத்தீனில் எழுதி வைத்தது: மிகுந்த மனச்சோர்வுள்ளவர். ஊரில் பார்த்த வைத்தியரும், நடுராத்திரியில் கூப்பிட்டனுப்புவார், செத்துவிடுவேன் என்பார் என்ற மாதிரி சொன்னதாகப் பதிவு இருக்கிறது. வார்டில் இப்படிப்பட்டவர்களை நான் பார்க்கிறேன். பெரும்பாலும் முப்பதை ஒட்டிய ஆண்கள், குடும்பப் பாரம் இருக்கும், பணம் இருக்காது. குரோம்வெல்லுக்கு அப்போது 29 வயது. தகப்பனார் 1617-இலேயே இறந்துவிட்டார். அதனால் கேம்பிரிட்ஜ் படிப்பைப் பாதியில் விட்டார். கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியது எல்லாம் அக்கா தங்கைகள், இவர் ஒரே பையன். மனைவி, குழந்தைகள், அம்மா.

பணக்கஷ்டம் எப்படி வந்தது என்பதற்கு ஹின்சிங்புரூக் மாளிகையைக் காட்டினார்கள். தாத்தா வீடு. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது கன்னியாஸ்திரீகள் இருந்த இடம் குடும்பத்துக்கு வந்தது. அந்தக் காலத்து அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் சகோதரி வழி வந்தவர்கள் இவர்கள். பெரியப்பா சர் ஆலிவர் அரசருக்கு விருந்து வைத்தே கரைத்து, 1627-இல் மாளிகையை விற்றுவிட்டார். இப்போது அது பள்ளிக்கூடம், வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது.

பெரியப்பாவின் வீழ்ச்சி முடிந்து நான்கு வருடத்தில் நம்மாளின் முறை. 1630-இல் ஊரின் புதிய நகராட்சி சாசனத்தை எதிர்த்து வாய்விட்டுத் திட்டியதில், விவகாரம் லண்டனில் அரசரின் ஆலோசனைச் சபை வரை போனது. தோற்றார். 1631-இல் ஹண்டிங்டன் சொத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் விற்றுவிட்டு, பக்கத்து ஊரான செயின்ட் ஐவ்ஸில் குத்தகை விவசாயியாகப் போய் உட்கார்ந்தார். நம் ஊரில் தேர்தலில் ஜெயித்தவர் இப்படி இறங்கிவந்தால் தெருவில் என்னென்ன பேசுவார்கள் என்று அத்தை கேட்டார். அங்கேயும் பேசியிருப்பார்கள்.

செயின்ட் ஐவ்ஸில் அவர் சிலை சந்தைத் திடலில் நிற்கிறது. 1901-இல் வைத்தது. அழகான சிலைதான், அதற்காக இருபது நிமிடம் தேவையில்லை. எனக்கு ஊஸ் ஆற்றின் மேலிருக்கும் கல்பாலம்தான் பிடித்தது. பாலத்தின் நடுவிலேயே ஒரு சின்னக் கோயில், 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வளைவுகளை உற்றுப் பாருங்கள்: நான்கு கூராக இருக்கும், ஒரு முனையில் உள்ள இரண்டு மட்டும் வட்டமாக இருக்கும். உள்நாட்டுப் போரின்போது 1645-இல் அந்த இரண்டையும் உடைத்து, தூக்கு பாலம் போட்டார்கள். அரசர் படை வந்தால் தூக்கிவிடலாம். 1716-இல்தான் திரும்பக் கட்டினார்கள், அதனால்தான் வேறு மாதிரி. உள்நாட்டுப் போர் என்றால் உன் ஊர்ப் பாலத்தை நீயே உடைக்க வேண்டியிருக்கும் என்று மகளுக்குப் புரிந்தது இங்கேதான். வழிகாட்டி இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சிலைக்குப் போய்விட்டார். நாங்கள்தான் திரும்பி வந்து நின்று பார்த்தோம்.

மதியச் சாப்பாடு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர்கள் கூட்டிப்போன பப்பில் சைவத்துக்கு ஒரே ஒரு சூப், அதுவும் ஆறியிருந்தது. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஆற்றங்கரையில் உட்கார இடம் இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு ஈலி போகும் வழியில்தான் என் பெரிய குறை. வேனில் போகும்போது போர், மரண தண்டனை, அயர்லாந்து, ஆட்சி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். 1642-இல் 43 வயதில் குதிரைப்படைக்குக் கேப்டன் ஆனதிலிருந்து தொடங்கினார். அதுவரை படை அனுபவமே கிடையாது. பார்லிமென்ட் உறுப்பினர்கள் படைப் பதவியை விட வேண்டும் என்று 1645-இல் சட்டம் வந்தும் இவருக்கு விலக்கு மேல் விலக்கு கிடைத்தது என்பதையெல்லாம் விரிவாகச் சொன்னார். அயர்லாந்து வந்தபோது, அது ஒரு கொடுமையான காலம், இரண்டு பக்கமும் தப்பு நடந்தது என்று சொல்லிவிட்டுச் சாலையோரத்துக் காற்றாலையைக் காட்டினார்.

என் வார்டில் வேலை பார்க்கும் ஐரிஷ் தோழியிடம் குரோம்வெல் சுற்றுலாவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது அவள் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன். 1649 செப்டம்பரில் குரோம்வெல்லின் படை அயர்லாந்தில் டிராகடா நகரைப் பிடித்ததும் சரணடைந்தவர்களையும் பாதிரியார்களையும் கொன்றார்கள், பொதுமக்களும் செத்தார்கள். அடுத்த மாதம் வெக்ஸ்ஃபோர்டு நகரிலும் கொலைகள். இதைப் பின்னால் வந்தவர்கள் இட்டுக்கட்டவில்லை. டிராகடாவில் நடந்தது கடவுளின் நியாயத்தீர்ப்பு என்று பார்லிமென்ட் சபாநாயகருக்குக் குரோம்வெல்லே கடிதம் எழுதினார். பிறகு கத்தோலிக்கர்களின் நிலங்களைப் பறித்ததும் சட்டம் போட்டுத்தான். இதைக் கேட்க விரும்பாதவர்கள் வேனில் இருக்கலாம். ஆனால் தொப்பிக்குப் பத்து நிமிடம் நடிக்கத் தெரிந்தவருக்கு இதற்கு ஐந்து நிமிடம் கிடைத்திருக்க வேண்டும். கணவர் கேட்டே விட்டார். பதில் சுற்றி வளைத்துத்தான் வந்தது.

ஈலியில் இருக்கும் வீடு, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையை விட்டால், குரோம்வெல் வாழ்ந்து இன்றும் நிற்கும் ஒரே வீடு. 1636-இல் பிள்ளையில்லாத தாய்மாமா தாமஸ் ஸ்டூவர்ட் விட்டுப்போன சொத்தோடு இங்கே குடிவந்தார். பத்து வருடம் போல குடும்பம் இங்கேதான். இடையில் அது மதுக்கடையாகவும் பாதிரியார் வீடாகவும் இருந்திருக்கிறது. இப்போது ஊரின் சுற்றுலாத் தகவல் நிலையமும் அதே கட்டடம்.

மாமா சொத்தோடு சேர்ந்து வந்த வேலை என்ன தெரியுமா? பேராலயத்துக்குச் சேர வேண்டிய தசமபாகத்தை வசூலிக்கும் குத்தகை. விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. அத்தைக்கு இது உடனே பிடிபட்டது, எங்கள் ஊர்ச் சபையில் தசமபாகக் கணக்கு எழுதியவர் அவர். வசூல் பண்ணுகிறவனை யாருக்கும் பிடிக்காதே, இந்த ஆளுக்கு எப்படி ஓட்டு விழுந்தது என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு பதில் சுற்றியுள்ள சதுப்பு நிலத்தில் இருக்கிறது. பெட்ஃபோர்டு பிரபுவும் அவரோடு பணம் போட்டவர்களும் டச்சுப் பொறியாளர் வெர்மய்டனை வைத்து நீரை வடியவிட்டு நிலமாக்கினார்கள். மீன், பறவை, நாணல், மேய்ச்சல் என்று பிழைத்தவர்களுக்கு அது போயிற்று. அவர்கள் பக்கம் குரோம்வெல் பேசினார். சதுப்பு நிலத்தின் பிரபு என்று அரசர் தரப்புப் பத்திரிகை பின்னால் கேலி செய்தது. சரி, அதிகாரம் வந்தபிறகு வடிகால் வேலை தொடர்வதற்கு 1649-இல் வந்த சட்டத்தை ஆதரித்ததும் அவர்தான். டன்பார் போரில் பிடித்த ஸ்காட்லாந்துக் கைதிகளில் ஒரு பகுதியினரை அந்த வடிகால் கால்வாய் வெட்டத்தான் அனுப்பினார்கள்.

வீட்டுக்குள் சமையலறைதான் நிறைவாக இருக்கிறது. விலாங்கு மீன் இந்தப் பக்கத்தின் அன்றாடச் சாப்பாடு; ஒரு காலத்தில் நிலவாடகையையே விலாங்காகக் கட்டியிருக்கிறார்கள். அத்தை அதில் மிளகு எவ்வளவு போடுவார்கள் என்று விசாரித்தார். மேலே பேய் நடமாடும் படுக்கையறை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம். எனக்கு அந்த வீட்டில் உண்மையாக நடந்ததே போதும். இங்கே இருந்த காலத்தில்தான் 1639-இல் மூத்த மகன் ராபர்ட், ஃபெல்ஸ்டெட் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது இறந்தான். 1644-இல் போர்க்கால முகாமில் அடுத்த மகன் ஆலிவர் அம்மையில் போனான். அந்த வருடம் ஜூலையில் மார்ஸ்டன் மூர் வெற்றியைச் சொல்லித் தன் சகோதரி கணவருக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய மகன் போரில் இறந்த செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. வெற்றியை முதலில் சொல்லி, பிறகு பிள்ளை போன செய்தி, உடனே, எனக்கும் இந்தத் துக்கம் தெரியும் என்கிற மாதிரி ஒரு வரி. நோயாளி இறந்ததைக் குடும்பத்திடம் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அந்தக் கடிதத்தை எழுதியவரை என்னால் வெறுக்கவும் முடியவில்லை, டிராகடாவை மறக்கவும் முடியவில்லை.

பேராலயம் வீட்டிலிருந்து சில நிமிட நடை. 1644 ஜனவரியில் குரோம்வெல் இங்கே ஹிட்ச் என்ற குருவானவருக்கு, குவயர் (பாடகர் குழு) ஆராதனையை நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீரர்கள் வந்து கலவரம் ஆகும் என்று எழுதினார். ஹிட்ச் கேட்கவில்லை. குரோம்வெல் வீரர்களோடு உள்ளே வந்து ஆராதனையை நிறுத்திவிட்டார். எந்தப் பேராலயத்துக்குத் தசமபாகம் வசூலித்தாரோ அதே பேராலயம். குவயரில் பாடும் அத்தைக்கு அதற்குப் பிறகு இவர் மேல் மரியாதை போய்விட்டது. ஹிட்ச் எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று தேடினார்.

இங்கே வழிகாட்டிக்கு ஒரு சபாஷ். மாதா சிற்றாலயத்தில் தலை உடைந்த நூற்றுக்கணக்கான சிலைகளைப் பார்த்து, எல்லாம் குரோம்வெல் வேலைதானே என்று வேனில் வந்த ஒருவர் சொன்னார். இல்லை, இது நூறு வருடம் முன்னால், மதச் சீர்திருத்தக் காலத்தில் பிஷப் குட்ரிச் உத்தரவில் உடைத்தது என்று பொறுமையாக விளக்கினார். ஆனால் பேராலயத்துக்குக் கொடுத்தது வெறும் நாற்பது நிமிடம். 1322-இல் இடிந்த கோபுரத்துக்குப் பதிலாகக் கட்டிய எண்கோணக் கூரையை அண்ணாந்து பார்க்கவே அரை மணி வேண்டும்.

கேம்பிரிட்ஜ் திரும்பியதும் கடைசி நிறுத்தம் சிட்னி சசெக்ஸ் கல்லூரி வாசல். அவர் 1616-இல் சேர்ந்த கல்லூரி. 1658 செப்டம்பர் 3-இல் லண்டன் வைட்ஹாலில் இறந்தார். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மலேரியாவாக இருந்திருக்கலாம், கூடவே சிறுநீர்க் கோளாறு. பிரியமான மகள் எலிசபெத் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1661-இல், அரசர் தலை போன அதே ஜனவரி 30-இல், புதைத்த உடலைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டு, தலையை வெட்டி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் கம்பத்தில் குத்திவைத்தார்கள். பல வருடம் கழித்துக் கீழே விழுந்து, கைமாறி, காட்சிப்பொருளாகி, 1960-இல் இந்தக் கல்லூரிச் சிற்றாலயத்தின் அருகே அடக்கம் ஆனது. சரியான இடத்தைச் சொல்வதில்லை, ஒரு பலகை மட்டும் உண்டு. அன்று கல்லூரி மூடியிருந்ததால் பலகையையும் பார்க்க முடியவில்லை. இந்தச் சாத்தியத்தை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். திட்டத்தில் 'தலை இருக்கும் இடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஆக, ஐந்துக்கு மூன்றரை. வழிகாட்டிக்கு நான்கு, நேரம் பிரித்த விதத்துக்கு இரண்டரை. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு வேன் வசதிதான், அத்தைக்கு முட்டிவலி இருந்தும் சமாளித்தார். இளைஞர்கள் என்றால் நீங்களே போய்வாருங்கள்: கேம்பிரிட்ஜிலிருந்து ஈலிக்கு ரயிலில் கால் மணி நேரம் சொச்சம், செயின்ட் ஐவ்ஸுக்கும் ஹண்டிங்டனுக்கும் பஸ்வே பேருந்து (பேருந்துக்கென்றே தனித் தடம்). இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் பேராலயத்துக்கு அரை நாள் கிடைக்கும். ஹண்டிங்டன் அருங்காட்சியகம் எல்லா நாளும் திறந்திருக்காது, கிழமை பார்த்துக் கிளம்புங்கள். சிட்னி சசெக்ஸுக்குப் போவதென்றால் பார்வையாளர்களை விடுகிறார்களா என்று காலையிலேயே வாசல் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.